சிவப்பணு சொல்லும் சாட்சி

இருதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த குடும்பத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உள்ள வைக்கிற வால்வு எத்தனை வருஷம் தாங்கும் டாக்டர்?" என்பதே அது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. "அந்த வால்வை நம் ரத்தம் தாங்குமா?" இந்த இரண்டாவது கேள்வியை மருத்துவ உலகம் கேட்கக் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது; சில இடங்களில் துயரமானதும் கூட. அந்த வரலாற்றின் ஓர் அத்தியாயம் நாம் குடியேறி வாழும் இந்தத் திருவனந்தபுரத்திலேயே, பூஜப்புரையில் எழுதப்பட்டது. நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் இருதய நோயாளிகளான உறவினரை அழைத்துக்கொண்டு இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் காத்துக்கிடந்தவர்கள் நம்மில் பலர். அவர்களுக்காவது இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிவப்பணு என்னும் பை

ரத்தத்தின் சிவப்பணு ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள ஒரு சிறு பை. நடுவில் குழிந்த இட்லித் தட்டுப்போல் இருக்கும். உள்ளே ஹீமோகுளோபின் நிறைந்திருக்கும். தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களுக்குள்ளும் உடலை வளைத்து, மடித்து, நுழைந்து வெளியேறும். இப்படியே ஏறத்தாழ 120 நாள் உழைத்துவிட்டு ஓய்கிறது. அந்த இடத்தை நிரப்ப எலும்பு மச்சை ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 லட்சம் புது அணுக்களை அனுப்புகிறது. ஆக, அணு சாவது இயற்கை. அது காலத்துக்கு முன்பே, ரத்த ஓட்டத்தின் நடுவில் கிழிந்து, உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டிவிடுவதுதான் நோய். இதைத்தான் மருத்துவர்கள் ஹீமோலிஸிஸ் என்கிறார்கள். நாம் சிவப்பணுச் சிதைவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

கொட்டிய ஹீமோகுளோபினால் என்ன கெடுதல்? கொஞ்சமாக இருந்தால் ஹேப்டோகுளோபின் என்ற புரதம் அதைப் பிடித்து அப்புறப்படுத்திவிடும். அளவு மீறினால் சிறுநீரகம் வழியே வழிந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது உறிஞ்சிக்கொள்வதால் குழாய்கள் இறுகும். நோயாளிக்குச் சோகை பிடிக்கும், சிறுநீரகம் பழுதாகலாம், ரத்தம் உறைந்து கட்டியாகவும் வழி ஏற்படும்.

ஒரு படைவீரனும் ஒரு பிளாஸ்டிக் வால்வும்

சிவப்பணு நோயால் மட்டுமின்றி வெறும் இடிபட்டும் உடையும் என்பதற்கு முதல் சாட்சி சொன்னவர் ஒரு ஜெர்மானியப் படைவீரர். நெடுந்தூரம் அணிவகுத்து நடந்தபின் அவருடைய சிறுநீர் கறுத்துப் போவதை 1881-ல் ஃப்ளைஷர் என்ற மருத்துவர் பதிவு செய்தார். காரணம் பிடிபட எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தரையில் ஓங்கி மிதிக்கும்போது உள்ளங்கால் குழாய்களில் ஓடும் அணுக்கள் நசுங்குகின்றன என்பதும், காலணிக்குள் மெத்தென்ற அட்டை வைத்தால் அந்தத் தொந்தரவு நிற்கிறது என்பதும் 1960-களில்தான் தெளிவாயின. உள்ளங்கால் மிதியிலேயே இந்தப் பாடு என்றால், ரத்த ஓட்டத்துக்கு நடுவில் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்?

அந்தக் காலமும் வந்தது. 1952-ல் வாஷிங்டனில் சார்லஸ் ஹஃப்னகல் என்ற அறுவை நிபுணர், ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் பந்து ஒன்று மேலும் கீழும் ஓடும்படி அமைத்த வால்வை நோயாளியின் பெருந்தமனியில் பொருத்தினார். அடுத்த ஆண்டு, 1953 மே 6-ஆம் தேதி, ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இருதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு 18 வயதுப் பெண் ஒருவரின் இருதயத்தைத் திறந்து ஓட்டையை அடைத்தார். 1960-ல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற மருத்துவரும் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து செய்த பந்து வால்வு இருதயத்துக்குள்ளேயே வெற்றிகரமாக உட்கார்ந்தது. எட்டு ஆண்டுகளில் உலகமே மாறிப்போயிற்று எனலாம்.

ஆனால் ரத்தம் தன் கணக்கைத் தனியாக எழுதிக்கொண்டிருந்தது. 1961-ல் லண்டனிலிருந்து டேசி முதலான ரத்தவியல் அறிஞர்களும் அறுவை நிபுணர்களும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இருதயத்தின் உட்சுவர் ஓட்டையை டெஃப்லான் துணியால் ஒட்டுப்போட்டு அடைத்த நோயாளிக்குக் கடும் சோகை. கசியும் ரத்தம் பீய்ச்சிக்கொண்டு போய் அந்த மூடப்படாத டெஃப்லான் மேல் மோதி மோதி அணுக்கள் சிதைந்துகொண்டிருந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் முழு வட்டமாக இருக்க வேண்டிய அணுக்கள் தலைக்கவசம் போலவும், உடைந்த ஓட்டாஞ்சில்லு போலவும் தெரிந்தன. இயந்திர வழியில் ஏற்படும் சிதைவு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பாடம் அத்தோடு முடியவில்லை. பந்து வால்வில் ரத்தம் உறைகிறதே என்று 1960-களின் பிற்பகுதியில் உலோகக் கம்பிகளின் மேல் துணி சுற்றினார்கள். உறைவு குறைந்தது. ஆனால் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் பந்து மோதி மோதித் துணி நைந்தது. அந்த நைந்த நார்களில் சிவப்பணுக்கள் சிக்கிக் கிழிந்தன. ஒரு கேட்டைத் தடுக்கப் போய் இன்னொரு கேடு. இதில் கவனிக்க வேண்டியது, நோயாளியின் உடம்பே சோதனைச்சாலையாக இருந்தது என்பதுதான். யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. வெளியே வைத்துச் சோதிக்கும் முறை அப்போது போதிய அளவு வளரவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு அழுத்தினால் உடையும்?

சோதிக்க வேண்டுமானால் முதலில் அளவுகோல் வேண்டும். 1972-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெவரெட் முதலானோர் ஓர் எளிய வழியைக் கையாண்டார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், நடுவே மெல்லிய இடைவெளி, அதில் ரத்தம். ஓர் உருளை சுழலும்போது ரத்தப் படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, அணுக்களை இழுத்துப் பிய்க்கப் பார்க்கின்றன. இந்த இழுவிசைக்கு வெட்டுத்தகைவு என்று இயற்பியலில் பெயர். சில நிமிடம் நீடிக்கும் இழுவையில், சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1500 டைன் என்ற எல்லையைத் தாண்டினால் அணுக்கள் பெருவாரியாக உடைகின்றன என்று கண்டார்கள். நம் தமனிகளின் சுவரில் சாதாரணமாக இருப்பது 10 முதல் 20 டைன்தான். ஏறக்குறைய நூறு மடங்கு தாங்கும் சக்தியை இயற்கை கொடுத்து வைத்திருக்கிறது என்பது வியப்பல்லவா?

ஆனாலும் அந்த 1500-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. சில மில்லி விநாடிகளே நீடிக்கும் இழுவை என்றால் அணு அதைவிடக் கூடுதலாகவும் தாங்கும். குறைந்த இழுவையே ஆனாலும், சொரசொரப்பான பரப்பில் நெடுநேரம் உரசினால் உடையும். விசை, நேரம், பரப்பு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் தீர்ப்பை முடிவு செய்கின்றன.

இயந்திர வால்வில் இது எப்படிச் சிக்கலாகிறது என்று பாருங்கள். சாயும் தட்டு உள்ள வால்வு மூடியிருக்கும்போதும் தட்டின் ஓரத்தில் சிறு இடைவெளி இருக்கும். அதன் வழியே கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசியும். அந்தக் கசிவு மூலைமுடுக்குகளைக் கழுவி ரத்தம் உறையாமல் காக்கிறது. இடைவெளி அதிகமானால் கசிவு அதிகமாகி இருதயத்துக்கு வீண் சுமை. இடைவெளி மிகக் குறைந்தாலோ அந்தச் சந்தில் அணுக்கள் நசுங்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுவதா குறைப்பதா என்பதில் ஒரு மனிதரின் ரத்தம் அடங்கியிருக்கிறது.

சோதனை நடக்கும் விதம்

சோதனைகள் இரண்டு வகைப்படும். முதலாவது, பொருளுக்கான சோதனை. கருவி செய்யப்பட்ட பிளாஸ்டிக்கையோ உலோகத்தையோ ரத்தத்தோடு சேர்த்து, உடல் சூட்டில், அதாவது 37 டிகிரியில், சில மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு குழாயைச் சுழற்றி அணுக்களை அடியில் படிய வைக்கிறார்கள். மேலே தெளிந்து நிற்கும் திரவம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. ரோஜா நிறம் தட்டினால் சந்தேகம். சிவந்திருந்தால் அந்தப் பொருள் தேறவில்லை என்று பொருள். கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லாமல், ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவியில் அளந்து கணக்கிடுவார்கள். அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். விதிப்படி சிதைவு 2 சதவீதத்துக்குள் இருந்தால் பாதகமில்லை. 5 சதவீதத்தைத் தாண்டினால் சிதைக்கும் பொருள்.

இரண்டாவது, ஓட்டத்துக்கான சோதனை. பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? நல்ல மரத்தில் செய்த செக்கும் எள்ளை ஆட்டத்தானே செய்கிறது! ஆகவே கருவியை ஒரு வளையக் குழாயில் இணைத்து ரத்தத்தைச் சுற்றி ஓடவிடுகிறார்கள். ரத்த பம்புகளுக்காக 1997-ல் வந்த ஏ.எஸ்.டி.எம். நடைமுறைப்படி நிமிடத்துக்கு 5 லிட்டர், 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், 6 மணி நேரம். மாட்டு ரத்தமோ மனித ரத்தமோ, புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் மாதிரி எடுத்து, 100 லிட்டர் ரத்தம் ஓடியதற்கு எத்தனை கிராம் ஹீமோகுளோபின் வெளியேறியது என்று கணக்குப் போடுகிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம். ரத்தம் கோபக்காரச் சாட்சி. ஊசியால் வேகமாக இழுத்தாலே உடையும், நுரைத்தால் உடையும், சூடு இரண்டு டிகிரி ஏறினாலும் குணம் மாறும். அப்படியிருக்க, உடைந்ததற்குக் கருவிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? அதற்காக அதே ரத்தத்தைப் பங்கிட்டு, பக்கத்தில் ஒப்பீட்டுக்கு இன்னொன்றையும் ஓடவிடுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கருவியின் குற்றம். ஒப்பீடு இல்லாத சோதனை எதிர்த்தரப்பை விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு மாதிரி.

பூஜப்புரை அரண்மனையில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் நாட்டில் இருதய வால்வு கெடுவதற்கு முக்கியமான காரணம், பிள்ளைப் பருவத்தில் தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல். நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் ஏழைப் பிள்ளைகளைத்தான் அது பெரும்பாலும் பிடிக்கிறது. இருபது, முப்பது வயதிலேயே வால்வு மாற்ற வேண்டிய நிலை. 1970-களில் வால்வு என்றால் இறக்குமதிதான். அதன் விலை அந்தக் குடும்பங்களுக்கு எட்டாக்கனி.

திருவிதாங்கூர் அரச குடும்பம் அளித்த கட்டடத்தில் உருவான ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்துக்கு 1974-ல் தலைமை ஏற்க வந்தவர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான். மாவேலிக்கரைக்காரர். அமெரிக்காவில் அவர் பயிற்சி பெற்ற ஆசான்களில் ஒருவர், முன்னே சொன்ன அதே ஹஃப்னகல். வால்வு வைப்பதால் வரும் நன்மையையும் தொல்லையையும் முதல் தலைமுறையினரிடமே நேரில் கற்றவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. ஆஸ்பத்திரி மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இயங்க, பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனை உயிரியல் மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவாக மாறியது. ஒரு காலத்தில் மகாராணி சேது லட்சுமி பாய் வாழ்ந்த மாளிகையில் உலோகம் கடைந்தார்கள், பிளாஸ்டிக்கைச் சோதித்தார்கள், ரத்தத்தைச் சுழலவிட்டார்கள்.

பொறியாளர் ஜி.எஸ். புவனேஷ்வர் முதலானோருடன் வலியத்தான் மேற்கொண்ட வால்வு முயற்சி பன்னிரண்டு ஆண்டுகளைத் தின்றது. முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒன்றில், தட்டைத் தாங்கும் கம்பி பற்றவைத்த இடத்தில் பலவீனப்பட்டு முறிந்தது. இன்னொன்றில் டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாவதில், செயற்கை நீலக்கல்லில் செய்த தட்டே உடைந்துபோனது. ஒவ்வொரு தடவையும் வேறு யாராவதாக இருந்தால் "இது நமக்கு ஆகிற காரியமில்லை" என்று ஏறக்கட்டியிருப்பார்கள்.

நான்காவது மாதிரியில் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார்கள். ஜெட் எஞ்சின்களில் பயன்படும் கோபால்ட்-குரோமிய உலோகக் கலவையில், பற்றவைப்பே இல்லாமல், ஒரே கட்டியிலிருந்து கூண்டைக் கடைந்தெடுத்தார்கள். தட்டுக்கு, வெளிநாட்டு வால்வுகளில் வழக்கமான கார்பனை விட்டுவிட்டு, செயற்கை இடுப்பு மூட்டுகளில் நன்கு பழகிய உயர் மூலக்கூறு எடைப் பாலி எத்திலீனைத் தேர்ந்தெடுத்தார்கள். "பிளாஸ்டிக்கா? தேயாதா?" என்று யாருக்கும் தோன்றும். தேய்மானத்தை அளந்துதான் பதில் சொன்னார்கள். இருதயம் வருஷத்துக்குச் சுமார் 4 கோடி தடவை துடிக்கிறது. அதை வேகப்படுத்திய இயந்திரத்தில் கோடிக்கணக்கான தடவை வால்வைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். நச்சுத்தன்மை, ரத்த ஓட்டம், சிவப்பணுச் சிதைவு எல்லாம் பார்த்து, ஆட்டுக்குப் பொருத்திப் பார்த்து, அதன்பின் 1990 டிசம்பர் 6-ஆம் தேதிதான் முதல் மனித உடலில் வைத்தார்கள். அதற்கப்புறமும் ஓட்டமாக ஓடிச் சந்தைக்குப் போகவில்லை. ஆறு மருத்துவமனைகளில் 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒழுங்கான ஆய்வு நடந்தது. 1995-ல்தான் சென்னையின் டி.டி.கே. குழுமம் மூலம் விற்பனைக்கு வந்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டுள்ளன.

கேட்க ஆளில்லாத காலம்

இதில் நாம் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இவ்வளவு சோதனையும் செய்யும்படி அப்போது எந்த இந்தியச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை! இருதய வால்வு, ஸ்டென்ட் முதலான கருவிகள் மருந்துச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் வந்ததே 2005-ல்தான். மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் 2017-ல் வெளியாகி, 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. அதாவது, ஆட்டைச் சோதித்து, ரத்தத்தைச் சோதித்து, தோற்ற மாதிரிகளைத் தூக்கி எறிந்து அவர்கள் பட்ட பாடெல்லாம் கேட்க ஆளில்லாத காலத்தில் பட்டது.

"வால்வை நாமே செய்தோம்" என்பதைப் பெருமையாகச் சொல்லுகிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் என் பார்வையில் அதைவிடப் பெரிய சாதனை, வால்வோடு சேர்த்துச் சோதனைச்சாலையையும் நாமே கட்டியது. படத்தைப் பார்த்து வால்வைச் செய்துவிடலாம். ரத்தம் சொல்லும் சாட்சியைப் படத்திலிருந்து எடுக்க முடியாது. மலிவு விலைக் கருவி என்றாலே மட்டமான கருவி என்ற எண்ணம் நம் மக்களுக்கு உண்டு. மலிவாகவும் இருக்க வேண்டும், ஏழையின் ரத்தத்துக்கும் பணக்காரரின் ரத்தத்துக்கும் ஒரே சோதனையாகவும் இருக்க வேண்டும் என்று பூஜப்புரையில் வைத்த விதி அந்த எண்ணத்துக்குச் சரியான பதில்.

கணினி வந்த பிறகு

இன்றைக்குக் கணினி இருக்கிறதே, ரத்தம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். ஓட்டத்தையும் வெட்டுத்தகைவையும் கணினியில் கணக்கிட முடியும் என்பது உண்மைதான். வடிவமைப்பில் அது பெரும் உதவி. ஆனால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நடத்திய ஒரு பயிற்சி நினைவுகூரத்தக்கது. சாதாரணமான ஒரு குறுகு குழாயின் அளவுகளைக் கொடுத்து, உள்ளே ஓட்டம் எப்படியிருக்கும் என்று இருபதுக்கும் மேற்பட்ட குழுக்களைக் கணினியில் கணிக்கச் சொன்னார்கள். விடைகள் ஆளுக்கொரு திசையில் இருந்தன. குழாய்க்கே இந்தக் கதி என்றால், துடிக்கும் வால்வுக்குச் சொல்ல வேண்டுமா? ஆகையால் கணினி வாதாடலாம். சாட்சி சொல்ல ரத்தம்தான் வந்தாக வேண்டும்.

கருவியைப் பொருத்திய பிறகும் அந்தச் சாட்சி ஓய்வதில்லை. பலவீனமான இருதயத்துக்குத் துணையாக வைக்கும் ஒருவகைச் சுழல் பம்பில் 2011 முதல் ரத்த உறைவு அதிகரித்ததை மூன்று அமெரிக்க மருத்துவமனைகள் கண்டு 2014-ல் அறிவித்தன. உறைவு வெளிப்படச் சில வாரங்களுக்கு முன்பே எல்.டி.எச். என்ற நொதியின் அளவு நோயாளிகளின் ரத்தத்தில் ஏறியிருந்தது. சிவப்பணு உடைந்தால் ஏறும் நொதி அது. இயந்திர வால்வு வைத்தவருக்குக் காரணமில்லாமல் சோர்வு, வெளிறல், கறுத்த சிறுநீர் என்று எது வந்தாலும் "வயசாச்சு, வெயில் சூடு" என்று வீட்டிலேயே வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். வால்வைச் சுற்றித் தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டிருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டாக்டர் வலியத்தான் 2024 ஜூலையில் மறைந்தார். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பொறியியலும் மருத்துவமும் படிக்கிறார்கள். இரண்டு துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து உழைத்த இடம் நம் வீடுகளிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. புதிய கருவி ஒன்றைப் பற்றிப் பத்திரிகையில் படித்தால் விலை என்ன என்று கேட்பதோடு, "ரத்தத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்களா? ஒப்பீடு வைத்துப் பார்த்தார்களா?" என்றும் கேட்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். 1881-ன் படைவீரர் முதல் துணி சுற்றிய வால்வின் நோயாளிகள் வரை பலர் தம் உடம்பையே விலையாகக் கொடுத்து வாங்கித் தந்த கேள்விகள் அவை.